பட்டவன் கல்

கல்லாத்துப்பட்டி,
துறையூர் வழி.
2-6-1963

என் ராசா பிச்சைக்கு அப்பாயி காளியாயி எழுதுவது. இங்கே மனிதரும் மாடும் சுகம். நீ சுகமாக இருக்கிறாய் என்பதை நம்ப எனக்கு இன்னும் கொஞ்ச நேரம் வேண்டும்.

உன் கடிதாசு நேற்று வந்தது. "பட்டாளத்துலேருந்து ஏதோ வந்திருக்கு ஆத்தா" என்று தபால்காரர் கொடுத்துவிட்டுப் போனார். மேல்விலாசத்தைப் பார்த்தேன். உன் கையெழுத்து. மாட்டுக் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்து படித்தேன். அஞ்சாவது வரைக்கும் படித்ததற்கு இந்த ஒரு நாள் போதும். அழுதுகொண்டிருந்தபோது உன் பெண்டாட்டி ராசாத்தி வந்து, "என்ன அப்பாயி?" என்றாள். "கண்ணுல தவிடு விழுந்துடுச்சுடி" என்றேன்.

சீனாக்காரன் பிடித்து வைத்திருந்தான், பிறகு விட்டுவிட்டான், பனியில் கால் விரல்கள் போய்விட்டன, பட்டாளத்தில் இனி வேலை இல்லை, அடுத்த வாரம் ரயிலேறுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். விரல் போனால் போகட்டும் சாமி. ஆனால் திருச்சியில் இறங்கியதும் துறையூர் பஸ் ஏறிவிடாதே. காரணத்தைச் சொல்கிறேன், ஆத்திரப்படாமல் படி.

கார்த்திகை மாதம் சர்க்காரிலிருந்து இங்கிலீஷ் காகிதம் வந்தது. பள்ளிக்கூடத்து வாத்தியார் படித்துவிட்டு, "காணவில்லைன்னு போட்டிருக்கு" என்றார். மணியகாரர், "சண்டையிலே காணலைன்னா என்ன அர்த்தம்? திருவிழாக் கூட்டத்துலயா காணாமப் போனான்?" என்று அவரை அதட்டினார். ஊரே திரண்டு வந்து அழுதது. பதினாறாம் நாள் காரியம் முடித்தோம். சண்டையில் பட்டவனுக்குக் கல் நட்டுச் சாமியாகக் கும்பிடுவது நம் பக்கத்து வழக்கம், உனக்குத் தெரியாததில்லை. புலியோடு கட்டிப் புரண்டு செத்த நம் முப்பாட்டன் கல்லுக்குப் பக்கத்திலேயே, தை மாதம் உனக்கும் கல் நட்டுவிட்டோம்.

எம்.எல்.ஏ. வந்து மாலை போட்டார். மைக் செட் வைத்தார்கள். "நாட்டுக்காக உயிரைக் கொடுத்தவன், பிச்சைன்னு கல்லுல வெட்டினா நல்லாவா இருக்கும்?" என்று அவர் கேட்க, "வீரமலைன்னு போட்டுருவோம்" என்றார் மணியகாரர். எனக்கும் சரியென்று பட்டது. கல்லில் நீ துப்பாக்கியோடு நிற்கிறாய். மீசை வைத்திருக்கிறார்கள். உனக்கு எடுப்பாகத்தான் இருக்கிறது.

கல் நட்டுக் கிடா வெட்டின பிறகு ஆள் நடந்து வந்தான் என்று நானும் கேட்டதில்லை, என் மாமியாரும் கேட்டதில்லை. என்ன செய்வதென்று யோசிக்க எனக்கு அவகாசம் கொடு. அதுவரை திருச்சியிலேயே தங்கு. கடிதாசை என் பேருக்கே போடு. ராசாத்திக்கு எழுத்துத் தெரியாது, யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லிவிடுவாள். அவள் நன்றாக இருக்கிறாள்.

காலில் ஈரம் படாமல் பார்த்துக்கொள்.

உன் அப்பாயி,
காளியாயி


ஸ்ரீரங்கம்,
23-6-1963

அப்பாயிக்கு, உன் கால் தொட்டுப் பிச்சை எழுதுவது.

வந்து சேர்ந்தேன். துறையூர் பஸ் நிற்கிற இடம் வரைக்கும் போனேன். கண்டக்டர், "ஏறுங்க, ஏறுங்க, இடம் இருக்கு" என்று முதுகில் தட்டினான். உன் கடிதாசு சட்டைப்பையில் இருந்தது. ஏறவில்லை.

சத்திரம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் அப்துல் ரஹீம் பாய் லாரிப் பட்டறை வைத்திருக்கிறார். பட்டாளத்தில் என்னோடு லாரி ஓட்டியவரின் அண்ணன். அங்கே வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். ஸ்ரீரங்கத்தில் அம்மாமண்டபம் ரோட்டில் ஒரு வீட்டின் பின்கட்டில் அறை. காலையில் காவேரிக்குக் குளிக்கப் போனால் படித்துறையில் புரோகிதர்கள், "யாருக்குத் திதி?" என்று கேட்கிறார்கள். நேற்று ஒருத்தரிடம், "எனக்குத்தான் சாமி" என்றேன். "விடிஞ்சும் விடியாம குடிச்சுட்டு வந்துடறதுகள்" என்று துண்டை உதறிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

அப்பாயி, கல்லைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். ராசாத்தியைப் பற்றி ஒரே ஒரு வரி. நான் உயிரோடு இருப்பது அவளுக்குத் தெரியுமா, தெரியாதா?

உன் பேரன்,
பிச்சை
(கல்லில் இருப்பவன் வேறு ஆள் போலிருக்கிறது.)


கல்லாத்துப்பட்டி,
10-7-1963

அன்புள்ள பேரனுக்கு,

தெரியாது. சொல்லவில்லை. சொன்னால் அவள் வாய் மூடியிருக்க மாட்டாள், சந்தோஷத்தில் ஊரைக் கூட்டிவிடுவாள்.

உன் அப்பன் சின்னையனை உனக்கு ஞாபகம் இருக்காது. ஜப்பான் சண்டைக்கு ஆள் எடுத்தபோது சேர்ந்தவன், கப்பல் ஏறுவதற்கு முன்னாலேயே ஓடிவிட்டான். போலீஸ் என்னைத் துறையூருக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சந்தை நாளில் ஸ்டேஷன் வாசலில் உட்காரவைத்தது. போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்த்தான். உன் அப்பன் திரும்பவே இல்லை, எந்த ஊரில் செத்தான் என்றும் தெரியாது. அன்றைக்கு நம் வீட்டுக்கு ஒரு பேர் வந்தது: ஓடினவன் வீடு. மாரியம்மன் திருவிழாவில் எல்லா வீட்டுக்கும் வெற்றிலை கொடுத்த பிறகு, மிச்சம் இருந்தால் நமக்கு. நீ விளையாடப் போனால், "இவன் நம்ம பக்கம் வேண்டாம்டா, ஓடிருவான்" என்று பையன்கள் விரட்டினார்கள். அழுதுகொண்டு வருவாய். அதெல்லாம் மறந்துவிட்டதா?

இந்த வருஷம் முதல் வெற்றிலை நம் வீட்டுக்கு வந்தது. தட்டில் வைத்து, மேளத்தோடு. என்னை "ஏய் காளியாயி" என்று கூப்பிட்ட மணியகாரர் எழுந்து நின்று, "வாங்க ஆத்தா" என்கிறார். அந்தத் தட்டைக் கையில் வாங்கியபோது நான் உன்னைப் பெற்றவனை மன்னித்தேன். இதை உனக்கு எப்படிப் புரியவைப்பது?

ஆடிப் பதினெட்டுக்கு அம்மாமண்டபத்தில் முழுகப் போகிறேன் என்று இங்கே சொல்லிவைத்திருக்கிறேன். படித்துறையில் நில். கண்ணால் பார்க்கவேண்டும்.

அப்பாயி


ஸ்ரீரங்கம்,
18-8-1963

அப்பாயிக்கு,

நீ கொண்டுவந்த எள்ளுருண்டையைப் பட்டறையில் எல்லோருக்கும் கொடுத்தேன். பாய், "உங்க அப்பாயி கை மணம் நல்லா இருக்கு" என்றார்.

நீ போன பிறகு இரண்டு வாரமாக இதை எழுத நினைத்து நினைத்துக் கிழித்துப் போட்டேன். அன்றைக்குப் படித்துறையில் என் காலை மடியில் வைத்துக்கொண்டு அழுதாய். சுற்றிலும் பெண்கள் ஒருத்திக்கு ஒருத்தி கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டுக்கொண்டிருந்தார்கள். "ராசாத்தி கழுத்துல?" என்று கேட்டேன். நீ ஆற்றைப் பார்த்தாய். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்புறம் நீ ஒன்று கேட்டாய். "ஒருத்தனையாவது சுட்டியாடா?" நான் லாரி ஓட்டுகிறவன் அப்பாயி. பின்வாங்கச் சொன்னார்கள். ரோடு இல்லை. லாரியை விட்டுவிட்டு நடந்தோம். கூட வந்த பஞ்சாப்காரனுக்குத் தொடையில் குண்டு பட்டது. அவனை முதுகில் போட்டுக்கொண்டு நடந்தேன். மற்றவர்கள் அவனைக் கீழே போட்டுவிட்டு வரச் சொன்னார்கள். சொன்னவர்கள் தப்பித்துப் போனார்கள். எனக்கு அவனை இறக்கிவைக்க மனசு வரவில்லை. சீனாக்காரன் எதிரில் வந்தபோது பஞ்சாப்காரனுக்கு ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. கையைத் தூக்கினால் இவனுக்கு மருந்து கிடைக்கும் என்று கையைத் தூக்கினேன். கிடைத்தது. அவன் இப்போது லூதியானாவில் பெண்டாட்டி பிள்ளையோடு இருக்கிறான்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு நீ சொன்னாய்: "இதை எந்த ஆசாரி கல்லுல செதுக்குவான்? கையைத் தூக்கிட்டு நிக்கிற மாதிரியா?"

நீ சொன்னதை அப்படியே பட்டறையில் வந்து சொன்னேன். "முதுகுல ஆளைச் சுமந்துட்டு நிக்கிற மாதிரி செதுக்கச் சொல்லேன்ப்பா" என்றார் பாய். ரெண்டு பேரும் சிரித்தோம். பிறகு சிரிக்க முடியவில்லை.

கார்த்திகையில் வருகிறேன். அதற்குள் ராசாத்தியிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. வேறு யார் சொன்னாலும் பயந்துவிடுவாள்.

பிச்சை


கல்லாத்துப்பட்டி,
14-10-1963

பேரன் பிச்சைக்கு,

பாய் நல்ல மனுஷர். ஆனால் அவருக்கு நம் ஊரைத் தெரியாது.

முப்பாட்டன் புலியைக் கொன்றானா, புலி அவனைக் கொன்றுவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்ததா, யார் பார்த்தார்கள்? செத்தான், அதனால் சாமி. உன்னைப் போல ஒருத்தனைச் சுமந்து கரைசேர்த்துவிட்டு வீட்டுக்கு வந்து சோறு கேட்டிருந்தால் அவன் பேர் இன்றைக்கு எனக்கே தெரிந்திருக்காது. இதை நான் செய்த சட்டம் என்று நினைக்காதே.

பச்சைமலையிலிருந்து கிழங்கு கொண்டுவருகிறவர்கள் சந்தைக்குப் போகிற வழியில் உன் கல்லுக்கு முன்னால் கூடையை இறக்கிவைத்துக் கும்பிடுகிறார்கள். பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது நம் ஊர்ப் பையன்கள் அங்கே தேங்காய் உடைத்துவிட்டுத்தான் புறப்பட்டார்கள். ராசாத்தி கழுத்தில் தாலி இல்லை, உண்மைதான். ஆனால் காய்ச்சல் கண்ட பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் கையால் திருநீறு வாங்குகிறார்கள். அவள் சாயங்காலம் கல்லுக்கு விளக்கேற்றப் போனால் ஆண்கள் பீடியை அணைக்கிறார்கள். மறுபடியும் வேறு ஒருத்தனுக்குக் கட்டிக்கொடுக்கலாமா என்று அவள் அப்பன் ஒரு தரம் கேட்டான். "சாமி பெண்டாட்டிடா அவ" என்று ஊரே அவன் மேல் பாய்ந்தது. நீ வந்தால் அவள் யார்? கையைத் தூக்கினவன் பெண்டாட்டி. நான் யார்? மகன் ஓடினான், பேரன் சரணாகதி ஆனான் என்று துறையூர்ச் சந்தை வரைக்கும் சிரிக்கும்.

அதனால் கேட்கிறேன். எனக்கு எழுபதுக்கு மேல் ஆகிறது. என்னைக் கொண்டுபோய் வைத்த பிறகு வா. அப்புறம் கல்லைப் பிடுங்கு, உடை, என்ன வேண்டுமானாலும் செய். அதுவரைக்கும் பொறு. ராசாத்தியிடம் சொல்லமாட்டேன்.

கார்த்திகையில் உன் கல்லுக்கு முதல் வருஷப் பொங்கல் வைக்கிறார்கள். அந்த நேரத்தில் இந்தப் பக்கமே வந்துவிடாதே.

காளியாயி


ஸ்ரீரங்கம்,
9-12-1963

அப்பாயிக்கு,

இந்நேரம் உனக்கே தெரிந்திருக்கும். ஆனாலும் என் வாயால் சொல்லிவிடுகிறேன்.

பொங்கலுக்கு வந்தேன். தாடியும் தலைப்பாகையுமாக மலைக்காரர்கள் கூட்டத்தோடு நின்றேன். நீ எனக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். கழுத்தில் மாலை. என்னைப் பார்த்தாய், ஆனால் அடையாளம் தெரியவில்லை. மணியகாரர் என் தோளைத் தள்ளி, "சாமி மறைக்குதுய்யா, ஒதுங்கி நில்லு" என்றார். ஒதுங்கி நின்று கும்பிட்டேன். எல்லோரும் கும்பிடும்போது நான் மட்டும் சும்மா நிற்க முடியுமா? என்ன வேண்டிக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

பந்தியில் ராசாத்தி பொங்கல் போட்டுக்கொண்டு வந்தாள். வெள்ளைப் புடவை. தலை நிமிரவே இல்லை. என் இலைக்கு ஒரு கரண்டி போட்டுவிட்டு நகர்ந்தாள். இரண்டு இலை தாண்டியவள் நின்றாள். திரும்பி வந்து இன்னொரு கரண்டி போட்டாள். குனிந்தபடியே, "உப்புப் பத்துமா பாருங்க" என்றாள். கல்யாணம் ஆகி நான் வீட்டில் இருந்த நாளெல்லாம் உப்பு இல்லை, உப்பு இல்லை என்று அவளைச் சீண்டிக்கொண்டே இருப்பேன். அத்தனை பேர் கூடியிருந்த இடத்தில் அவள் ஒருத்திக்குத்தான் நான் தெரிந்தேன். "பத்தும்" என்றேன். அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.

அவளை நான் கூப்பிடவில்லை அப்பாயி. பாத்திரம் கழுவப் போகிற மாதிரி வந்தவள் ரோட்டில் எனக்கு முன்னால் நடந்தாள். துறையூர் வரைக்கும் நான் பின்னாலேயே போனேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு, "அப்பாயிக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். பொய் சொல்லலாம் என்று பார்த்தேன். வரவில்லை. தெரியும் என்றேன். திருச்சி வருகிற வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கடையில் மஞ்சள் கயிறு வாங்கிக் கொள்ளிடக்கரையில் கட்டினேன். இங்கே ஒரு அறைதான் இருக்கிறது. நீயும் வந்து இருக்கலாம். உனக்கு இங்கே யாரும் மேளத்தோடு வெற்றிலை கொண்டுவர மாட்டார்கள், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஊரில் உண்மையைச் சொல்லிவிடு. நான் சொல்லப்போவதில்லை. அவள் பேர் கெடாமல் இருக்கவாவது நீ சொல்.

பிச்சை


கல்லாத்துப்பட்டி,
20-2-1964

பிச்சைக்கு,

ஊர் என்னைக் கேட்டது. மணியகாரர், வாத்தியார், ராசாத்தியின் அப்பன் எல்லோரும் நம் வாசலில் வந்து நின்றார்கள். நொண்டிக்கொண்டு நடந்த தாடிக்காரன் ஒருத்தனோடு அவள் பஸ் ஏறியதைக் கிழங்கு விற்கிறவள் பார்த்திருக்கிறாள். "யாரு ஆத்தா அவன்?" என்றார்கள்.

வாய் வரைக்கும் வந்தது. உன் பேர்தான் வந்தது. எதிரே மணியகாரர் நின்ற இடம், நான் அந்தக் காலத்தில் மிச்ச வெற்றிலைக்காக நின்ற இடம். "யாரோ லாரிக்காரன்" என்றேன்.

அவள் அப்பன் அங்கேயே மண்ணை வாரித் தூற்றினான். ஆற்றுக்குப் போய் அவளுக்குத் தலை முழுகிவிட்டு ஈரத்துணியோடு உன் கல்லுக்கு முன்னால் விழுந்து, "மருமகனே, மன்னிச்சிரு" என்று கதறினான். தூக்கிவிட நாலு பேர் வேண்டியிருந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஓடிப்போனவள் மேல் எவ்வளவு கோபமோ அவ்வளவு பக்தி இப்போது கல் மேல். "பாவி மக, சாமியவே ஏமாத்திட்டாளே" என்று பெண்கள் வந்து மாரடித்துக்கொள்கிறார்கள். கூரை போட்டிருக்கிறார்கள். விளக்கை நான்தான் ஏற்றுகிறேன்.

நீ என்னை வையலாம். ஆனால் ஒன்று கேட்கிறேன், பொறு என்றுதானே சொன்னேன்? ஒரு கிழவியின் ஆயுசு அவ்வளவு நீளமா உனக்கு?

காளியாயி


கல்லாத்துப்பட்டி,
6-5-1967

அன்புள்ள பேரன் பிச்சைக்கும் ராசாத்திக்கும்,

நான் போட்ட கடிதாசுகளுக்கு நீங்கள் பதில் போடவில்லை. ரஹீம் பாய் மட்டும் ஒரு கார்டு போட்டிருந்தார். உங்களுக்குப் பெண் பிறந்திருக்கிறது, மூன்று வயது நெருங்குகிறது, என் ஜாடை என்று எழுதியிருந்தார். என் ஜாடை என்று அவருக்கு எப்படித் தெரியும்? ராசாத்திதான் சொல்லியிருக்கவேண்டும். அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

இங்கே காலம் மாறிவிட்டது. மேலத்தெருத் தையல்காரர் மகன் திருச்சியில் காலேஜில் படித்தானே, இரண்டு வருஷத்துக்கு முந்தி மொழிப் போராட்டத்துக்குப் போனவன் பிணமாக வந்தான். சிலர் குண்டு பட்டது என்கிறார்கள், சிலர் கூட்டத்தில் விழுந்து மிதிபட்டான் என்கிறார்கள். எப்படிச் செத்தால் என்ன, செத்தான். பஸ் நிற்கிற இடத்தில் அவனுக்குப் பெரிய படம் வைத்து டியூப் லைட் போட்டிருக்கிறார்கள். இந்த வருஷம் ஆட்சி மாறியதும் புது எம்.எல்.ஏ. அங்கேதான் மாலை போட்டார். உன் கல் எங்கே இருக்கிறது என்றுகூட அவர் கேட்கவில்லை. "அது பழைய கதைங்க" என்று யாரோ சொன்னார்களாம்.

போன மாதத் திருவிழாவில் முதல் வெற்றிலை தையல்காரர் வீட்டுக்குப் போயிற்று. மேளச் சத்தம் நம் வாசலைத் தாண்டிப் போனபோது எழுந்து நின்றேன், பிறகு உட்கார்ந்துகொண்டேன். தையல்காரர் பெண்டாட்டி அந்தத் தட்டை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. அவளுக்காவது பிள்ளை நிஜமாகவே செத்துப்போயிருக்கிறான்.

கல்லுக்குப் போட்ட கூரை இந்த மழைக்கு இற்று விழுந்துவிட்டது. மலைக்காரர்கள் கூடை இறக்கிவைக்கிறார்கள், ஆனால் அது இளைப்பாறத்தான். எண்ணெய் ஊற்ற என்னைத் தவிர ஆள் இல்லை. கண்ணும் சரியாகத் தெரிவதில்லை.

ஆகையால் இப்போது நீ வரலாம். ஒரே ஒரு சங்கடம். உன்னை யாரோ லாரிக்காரன் என்று நான் சொல்லிவைத்ததை மாற்ற எனக்கு முகம் இல்லை. இத்தனை வருஷம் கழித்து மாற்றினால் என்னை என்ன சொல்வார்கள்? அதனால் தாடியோடேயே வா. ஓடிப்போனவள் பிள்ளையோடு திரும்பி வந்து காலில் விழுந்தாள், கிழவி மனசு இளகிச் சேர்த்துக்கொண்டாள் என்று இருக்கட்டும். இப்போதெல்லாம் யாரும் பெரிதாகக் கேட்க மாட்டார்கள், நாலு நாள் பேசுவார்கள். ராசாத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வரட்டும். நீ பின்னால் வா. நாலு பேர் பார்க்க, வாசலில் நின்று "யாருப்பா நீ?" என்று உன்னைக் கேட்பேன். கோபித்துக்கொள்ளாதே சாமி. கேட்டுவிட்டு உள்ளே விட்டுவிடுவேன்.

என்றைக்கு வருகிறீர்கள் என்று ஒரு வரி போடு. பிள்ளைக்கு என்ன பேர் வைத்தீர்கள் என்பதையும் எழுது. பாய் அதை எழுத மறந்துவிட்டார்.

வழி பார்த்திருக்கும்
அப்பாயி